அப்பாவுக்கு எந்த நாடு

முகாம், நாமக்கல் மாவட்டம்
12.7.2024

அன்புள்ள நிகத்,

நீயும் உன் அம்மாவும் அத்தாவும் சேலத்தில் நலமா? அம்மா தூங்கியபின் போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். போனில் பேசப் பயம். யார் கேட்பார்களோ.

நீ இல்லாத இந்தப் புதுப் பள்ளியில் நான் இலங்கை அகதி முகாமில் இருப்பவள் என்று யாருக்கும் தெரியாது. நேற்று டீச்சர் பேர் கூப்பிட, வாய் தவறி "ஓம்" என்றுவிட்டேன். "என்னடி, காலங்காத்தால மந்திரம் ஓதறே?" என்றாள் வெண்ணிலா. வகுப்பே சிரித்தது. இத்தனை வருடம் "ஆமாங்க" என்று பழகியும் வீட்டுப் பேச்சு வந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய பயம் இது. முகாமில் ஆள் எண்ணும் செக்கிங் நடந்தது. அதிகாரி சிரித்துக்கொண்டே அம்மாவிடம், "உங்க ஊட்டுக்காரருக்கு ஓமலூர்ல பெயிண்ட் வேலை நல்லா ஓடுதுங்களா?" என்றார். அப்பா முகாமை விட்டு வெளியே தங்க அனுமதி வாங்காமல் போனவர். அடுத்த செக்கிங்கில் நிற்காவிட்டால் பேரை அடித்துவிடுவார்களாம். பேர் போனால் வீடும் போகும். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அம்மா அழுகிறார்.

"ஆரிட்டச் சொன்னனி?" என்று என்னைக் கேட்டார். யாரிடமும் இல்லை என்றேன். உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். நீ யாரிடமாவது சொன்னாயா?

பதிலை முகாமுக்கு அனுப்பாதே. பாப்பாயி அக்கா டீக்கடைக்கு அனுப்பு.

உன்
நிரோ

சேலம்
19.7.2024

என் நிரோ,

என்னடி இப்படிக் கேட்டுவிட்டாய்? நானா காட்டிக்கொடுப்பேன்? அத்தாவிடம் மட்டும்தான் சொன்னேன்.

வீடு பார்க்கப் போனால் எங்களையே, "பாய், சொந்த ஊர் எதுங்க? தமிழ் நல்லாப் பேசறீங்களே" என்கிறார்கள். அத்தா, "இதே சேலம் செவ்வாய்ப்பேட்டைதாங்க. நீங்க எப்ப வந்தீங்க?" என்பார். உங்கள் கதை கேட்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. போன மாதமே கலெக்டர் ஆபீசில் தெரிந்த ஒருவரிடம் உன் அப்பா பேர், ஓமலூர் வேலை எல்லாம் விவரமாகச் சொல்லி, இதற்கு என்ன சட்டம் என்று கேட்டார். பிறகு வக்கீலிடமும் கேட்டார்.

1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியராம்! உன் அப்பா மண்டபம் முகாமில் 1986இல் பிறந்தவர்தானே? பிறகென்ன அனுமதி, என்ன செக்கிங்? ஞாயிற்றுக்கிழமை பிறப்புச் சான்றிதழோடு மூவரும் வாருங்கள். அம்மா பிரியாணி செய்கிறார்.

முத்தங்களுடன்
நிகத்

முகாம்
5.8.2024

நிகத்துக்கு,

ஆபீசில் விவரமாகச் சொன்னதாக நீயே எழுதியிருக்கிறாய். எழுதும்போதுகூட உனக்கு உறைக்கவில்லை.

அம்மாவும் மண்டபத்தில்தான் பிறந்தார். ஆனால் 1987 நவம்பரில். சட்டம் அவருக்கு முன்பே கதவைச் சாத்திவிட்டது. நான் நாமக்கல்லில் பிறந்தும் எனக்கு இல்லை. எங்கள் இருவரைப் பற்றி அந்த வக்கீலிடம் கேட்டீர்களா? அப்பா இந்தியரென்றால் முகாமில் எங்களோடு இருக்க விடுவார்களா?

நேற்று அப்பா வேலையை விட்டு வந்து செக்கிங் வரிசையில் நின்றார். முழங்கையில் பெயிண்ட் காய்ந்திருந்தது. "உங்களுக்காகச் சேலத்துல ஆளுங்கெல்லாம் பேசறாங்களாமே. நீங்க இந்தியராமா? உங்க வாயாலயே சொல்லுங்க, எந்த நாடு?" என்றார் அதிகாரி.

அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இலங்கை" என்றார்.

அந்த நாட்டை அவர் பார்த்ததே இல்லை. எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றாக டிக் அடித்தார்கள்.

அத்தா நல்ல மனசோடுதான் கேட்டார், தெரியும். இனி எங்களுக்காக யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம் என்று சொல். டீக்கடைக்கும் எழுதாதே. உன் கவரின் ஓரம் பிரித்து ஒட்டியதுபோல் இருந்தது. நீ ஒட்டியதா, வேறு யாராவதா என்று கேட்டால், பதிலுக்கு நீ இன்னொரு கவர் அனுப்ப வேண்டும். வேண்டாம்.

நிரோஜினி