டேப்லெட்டில் தங்கிவிட்ட முகம்

திருப்பதி

அன்புள்ள நைனாவுக்கு,

தேன்மொழி வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? போனில் சொன்னால் என் குரல் நடுங்கும், அதனால்தான் கடிதம். பயப்படாதீர்கள்.

தமிழ் பேசும் நோயாளிகளுக்கு உதவ நான் இருக்கிறேன் என்று, ஆஸ்பத்திரி வாசலில் மாட்டியிருக்கும் டேப்லெட் திரையில் என் படத்தைப் போட்டிருந்தார்கள். மாதக்கணக்கில் இரவும் பகலும் அதே படம், முழு வெளிச்சத்தில். நேற்று அதை எடுத்துவிட்டு டாக்டர்களின் பெயர்களைப் போட்டார்கள். பெயர்களுக்குப் பின்னால் என் முகம் புகை மாதிரி அப்படியே நின்றது! பாகாலாவிலிருந்து வந்த ஒரு அம்மா, மாஸ்க் போட்டிருந்த என்னிடமே கேட்டார்: "சின்னப் பொண்ணா கீதே, பாவம். எப்பம்மா செத்துப்போச்சு?"

நான் மாஸ்க்கை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

ரிப்பேருக்கு வந்த சுனில் சிரித்தார். "ஒரே படம் நின்னுக்கினே இருந்தா திரையில பதிஞ்சிடும்மா. படம் மாறிக்கினே இருக்கணும், வெளிச்சத்தக் கொறைக்கணும், ராத்திரில அணைச்சிடணும். இது இனிமே போவாது."

இன்னும் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் நடக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள். எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவாருங்கள். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. நீங்கள் வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன், மாலை போட்ட அம்மா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற என் படத்தைக் கழற்றிவிடுங்கள், நைனா.

உங்கள் மகள்,
தேன்மொழி