பார்லித் தண்ணி பாய்லருக்கு ஒரு நல்ல ஒயர்

மரக்காணம்
21.5.2006

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி ஐயப்பனும் சுகம். நீயும் சுகம் என்று உன் கடிதம் சொல்கிறது, ஆனால் கூட வைத்திருந்த பாய்லர் போட்டோ அப்படிச் சொல்லவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம் நீண்டு போகப் போகிறது. பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே கண்ணு. இத்தனை நாளும் சும்மா இருக்கவில்லை, உன் பாய்லர் ஒயரைப் பற்றித்தான் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கத்திரி வெயிலில் உப்பு நன்றாக விளைகிறது, அள்ளிக் குவிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை என்று அப்பா நாள் முழுக்க உப்பளத்திலேயே நிற்கிறார், கருத்துப் போய்விட்டார். பொம்மையார்பாளையம் பாக்கியலட்சுமி அத்தை மகளுக்கு ஆவணியில் கல்யாணம், சத்யா லண்டன்லருந்து வருவாளா, வெள்ளைக்காரி மாதிரி பேசுவாளா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். லண்டன் இல்லை, அது வேறு ஊர் என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீயும் உன் கூட இருக்கிற பெண்களும் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறீர்கள் என்று படித்தபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எப்படிக் காய்ச்சுவார்கள் என்றுதான் யோசனை போனது. முளைகட்டிய பார்லியை ஊறவைத்து வடித்த தண்ணீரை ஒரு மணி நேரம் கொதிக்க விடுகிறோம், ஏதோ ஒரு கசப்புப் பூவைப் போடுகிறோம், ஆறிய பிறகு ஈஸ்ட் போடுகிறோம் என்று எழுதியிருந்தாய். ஏன் ஒரு மணி நேரம், கால் மணியில் கொதி வந்துவிடாதா? கசப்புக்குத்தான் என்றால் நம் வேப்பம்பூவைப் போட்டால் என்ன ஆகும்? யாரையாவது கேட்டு எழுது. அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று நீ எழுதியபடியே சொல்லவில்லை, பார்லித் தண்ணி காய்ச்சுகிறாள் என்று மட்டும் சொன்னேன். புள்ளைக்கு உடம்பு சூடா, அந்தக் குளுருல எப்படி சூடு ஏறுச்சு என்று கவலைப்பட்டார். நம் பக்கம் காய்ச்சுவது என்றாலே போலீஸ் ஜீப் வருகிற சமாசாரம் என்பதால் நானும் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

பியர் போகட்டும். அந்த பாய்லரை ஒயர் இல்லாமல் யாரிடமோ வாங்கினாய் என்றும், கம்ப்யூட்டர் ஒயர் அதன் பின்பக்க வாயில் நுழையாமல் ஏதோ இடித்ததால் கத்தியால் அந்த ஒயரின் வாயில் ஒரு பள்ளம் செதுக்கி நுழைத்துவிட்டாய் என்றும் எழுதியிருந்தாய். முதல் தடவை பார்லித் தண்ணீர் பொங்கி வழிந்ததாம், அன்று முதல் சுவிட்சைப் போட்டாலே வீடு முழுக்க டிரிப் ஆனதாம். உடனே நம்ம அளத்துல அப்பா செஞ்ச மாதிரியே பிளக்கைத் திறந்து எர்த்தோட பச்சைக் கம்பியைக் கழட்டி டேப் சுத்திட்டேம்மா, இப்ப டிரிப்பே ஆகல என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். அதற்கு அடுத்த வரியில், அளத்துல மோட்டார் போடுற பஞ்சநாதன் மாமா மாதிரி புறங்கையால தொட்டுப் பார்த்துட்டுதான் கரண்டியை விடறேன் என்று சிரிப்பு வேறு. அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வெறும் பானையை யாராவது புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்களா சத்யா? உன்னைக் கரன்ட் ஒரு தடவையாவது கிள்ளியிருக்கிறது. அதை எனக்கு எழுதாமல் விட்டுவிட்டாய்.

படித்த அன்றே புதுச்சேரிக்குப் போய் ஒரு கடையில் கெட்டில் ஒயர் கேட்டேன். அவர் காட்டிய ஒயரின் வாயில் நீ செதுக்கின இடத்திலேயே ஒரு பள்ளம் இருந்தது, கம்பெனியே போட்டது. கம்ப்யூட்டர் ஒயரில் அது இல்லை. இது எதுக்குங்க என்று கேட்டால், டிசைன்மா, கலர் வேணுமா என்கிறார். டிசைனுக்கு எந்தக் கம்பெனிக்காரன் ரப்பரில் பள்ளம் வெட்டுவான் என்று எனக்கு மனசு ஆறவில்லை. வருகிற வழியில் குயிலாப்பாளையத்தில் இறங்கினேன், அந்தப் பக்கம் குடியிருக்கிற வெள்ளைக்காரர்களின் கெட்டில், மிக்சி எல்லாம் ரிப்பேர் பார்க்கிற பலராமன் கடை அங்கே இருக்கிறது. அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். இத்தினி வருஷமா இதை மாட்டுறேன் கழட்டுறேன், இன்னாத்துக்குன்னு ஒருத்தரும் கேட்டதில்லக்கா என்று தலையைச் சொறிந்தவர், ஒரு கெட்டிலைத் தூக்கி அதன் பின்பக்க வாயைக் காட்டினார். உள்ளே ஒரு மேடு. பள்ளம் இருக்கிற ஒயர்தான் அந்த மேட்டைத் தாண்டி உள்ளே போகும், கம்ப்யூட்டர் ஒயர் போகாது. போகக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறார்கள்! ஆனால் ஏன் போகக் கூடாது என்பது அவருக்கும் தெரியவில்லை எனக்கும் தெரியவில்லை. பள்ளம் உள்ளது ஒன்று, கம்ப்யூட்டருடையது ஒன்று என்று ரெண்டு பழைய ஒயரைக் கையில் கொடுத்து, நீங்க படிச்சவங்க, கண்டுபுடிச்சா எனக்கும் வந்து சொல்லுங்க, வர்றவங்ககிட்ட கெத்தா சொல்லுவேன் என்றார்.

வீட்டுக்கு வந்து என்ன செய்தேன் தெரியுமா, ரெண்டு ஒயரின் வாயையும் வெட்டி எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். ஐயப்பன் பார்த்துவிட்டு, அம்மா, இன்னைக்கு ஒயர் குழம்பா என்று கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து இடுக்கியால் எடுத்து அழுத்திப் பார்த்தால் கம்ப்யூட்டர் ஒயரின் வாய் வெந்த பனங்கிழங்கு மாதிரி வளைகிறது, பள்ளம் இருந்தது போட்டபடியே கெட்டியாக இருக்கிறது. அப்போதுதான் புரிந்தது. கம்ப்யூட்டர் தன் ஒயரைச் சுடவே சுடாது. உன் பாய்லர் ஒரு மணி நேரம் கொதித்தால் அதன் வாயும் கூடவே சுடும், அந்தச் சூட்டில் இது இளகி உள்ளே இருக்கிற பித்தளை நகர்ந்துவிடும். அது மட்டுமில்லை, கம்ப்யூட்டர் இழுக்கிற கரன்ட் ஒரு ஆம்பியரைத் தொட்டாலே அதிகம். உன் பாய்லர் ரெண்டாயிரம் வாட் என்று போட்டோவிலேயே தெரிகிறது, எட்டு ஒன்பது ஆம்பியர் இழுக்கும், மெல்லிய ஒயர் தாங்குமா? உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பிசிக்ஸ் பிராக்டிகல் செய்தவள் நான், கால்வனாமீட்டர் முள் ஆடினால் நீயும் உள்ளே ஆடுவாய். இவ்வளவு கணக்குகூட எனக்கு மறக்கவில்லை.

ஒயர் புரிந்துவிட்டது, ஆனால் பச்சைக் கம்பி மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. நம் அளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டாருக்கு எர்த் கொடுத்தால் ஃப்யூஸ் போகிறது, உப்பு மண் இழுக்குது என்று அப்பா அதை வெட்டிவிட்டார், பக்கத்து அளத்திலும் அப்படித்தான், நாம் எல்லாவற்றுக்கும் உப்பைச் சொல்லியே பழகிவிட்டோம். உன் ஊரில் உப்பு ஏது? கடலே இல்லாத ஊர் என்று எழுதினாயே. அப்படியானால் அங்கே டிரிப் ஆனது எதனால்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் கிடந்து, விடிந்ததும் டெஸ்டரை எடுத்துக்கொண்டு அளத்துக்கே போய்விட்டேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் இரும்பு உடம்பில் வைத்தேன், டெஸ்டர் எரிகிறது. அப்பா அசரவில்லை, அது உப்புக் காத்துக்கு எரியுதுடி என்றார். பக்கத்தில் இருக்கிற இரும்பு கேட்டில் வைத்தேன், எரியவில்லை. ஏங்க, உப்புக் காத்து மோட்டாரைப் பாத்து மட்டும்தான் அடிக்குதா என்று கேட்டேன். பஞ்சநாதன் உடனே, அக்கா, அதுக்கு என் மேல ஆசை, தினம் காலையில தொட்டதும் ஒரு கிள்ளு கிள்ளும், நானும் பொறங்கையால செல்லமா தட்டிட்டுதான் வேலைய ஆரம்பிப்பேன் என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. போய் மெயினை இறக்கினார். மெக்கானிக்கை வரவழைத்துப் பிரித்துப் பார்த்தால், சுனாமி அலை வந்த அன்று கடல் தண்ணீரில் முழுகி எழுந்த அதே மோட்டார்தானே, உள்ளே சுற்றியிருக்கிற காயில் கம்பி ஒரு இடத்தில் தோல் உரிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. உப்பு மண் எதையும் இழுக்கவில்லை. ஃப்யூஸ் போய்ப் போய் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, நாம்தான் அதன் வாயை அடைத்துவிட்டோம். பஞ்சநாதன் தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்போ ஆசை இல்லியா அது என்றார். காலில் எப்போதும் ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் பிழைத்தார் என்று மெக்கானிக் சொன்னார். இப்போது காயிலைப் புதிதாகச் சுற்றிப் போட்டு எர்த்தும் கொடுத்தாகிவிட்டது, ஃப்யூஸ் போகவே இல்லை.

உன் வீட்டிலும் இதேதான் நடந்திருக்கிறது சத்யா. பொங்கின பார்லித் தண்ணீர் பாய்லரின் பின்பக்க வாய்க்குள் இறங்கியிருக்கிறது, சர்க்கரைத் தண்ணீர், சீக்கிரம் காயாது. அதில் கசிந்த கரன்ட் பச்சைக் கம்பி வழியாகப் போனதால்தான் டிரிப் ஆகி உன்னைக் காப்பாற்றியது. இப்போது அந்த வழியை அடைத்துவிட்டாய். ஈரத் தரையில் நின்றுகொண்டு நீ கை வைத்தால் அதற்கு வழி நீதான். கூப்பிட்டுச் சொல்ல அங்கே உனக்கு போன் இல்லை, அதனால் இந்தக் கடிதம் கையில் இருக்கும்போதே எழுந்து போய் அதைச் சுவரிலிருந்து பிடுங்கு. செதுக்கின ஒயரை ரெண்டாக வெட்டிக் குப்பையில் போடு, உன் கூட இருக்கிற பெண்களில் யாராவது எடுத்து வேறெதற்காவது மாட்டிவிடப் போகிறாள். கடையில் போய் சூடான பாத்திரத்துக்கு மாட்டுகிற, வாயில் பள்ளம் உள்ள, தடித்த ஒயர் என்று கேள், பிளக்கோடு சேர்த்தே வார்த்ததாக வாங்கு, திறக்க முடியாமல் இருந்தால்தான் உன் கை சும்மா இருக்கும். பாய்லரின் வாயைத் துடைத்து நாலு நாள் காயவை. அதற்குப் பிறகும் டிரிப் ஆனால் ஒயரைக் குறை சொல்லாதே, பாய்லரே கெட்டுவிட்டது, தூக்கிப் போடு. ஒயரை நானே பார்சல் அனுப்பிவிடலாம் என்று நல்லதாக ஒன்று வாங்கிக்கூட விட்டேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்கள் சுவரில் சதுர ஓட்டை, நம் ஊர் பிளக் நுழையாது என்று நினைவு வந்தது. அது இப்போது நம் கெட்டிலுக்கு ஆகிவிட்டது.

கடைசியாக ஒன்று. மோட்டார் பிரித்த அன்று அப்பா நீ அனுப்பின போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பச்சைக் கம்பியை வெட்ட அவரிடமிருந்துதானே கற்றுக்கொண்டாய், போட்டோவில் அந்த ஒயரைத்தான் முதலில் தேடினார். பிறகு, பார்லித் தண்ணி ஏன்டி இப்படி நுரை தள்ளுது என்றார். நான் போட்டோவை வாங்கிக் கவருக்குள் வைத்தேன். கரன்ட்ட மொதல்ல சரி பண்ணச் சொல்லு, மத்தத புள்ளை நேர்ல வந்ததும் நான் பேசிக்கறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அளத்துக்குப் போய்விட்டார். பயப்படாதே, அவர் குரலில் கோபம் இல்லை.

நீ படிக்கிற படிப்பும் தொடுகிற காரியமும் நல்லபடியாக அமையட்டும், நோய்நொடி இல்லாமல் நூறு வயது இரு. புது ஒயர் மாட்டி, சுவிட்ச் போட்டு, டிரிப் ஆகாமல் தண்ணீர் கொதித்தது என்றால் வீட்டு நம்பருக்கு ஒரு ரிங் விட்டு வைத்துவிடு, யாரும் எடுக்க மாட்டோம், உனக்குக் காசு ஆகாது. அப்பா இப்போதே நாற்காலியை போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறார். அவர் எடுத்துவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா,
ரா. சுலோசனா