பெட்டி மூடியில் ஒட்டிய மயில் லேபிள்

12.8.79, ஞாயிறு

கணவரின் சாமான்களை நான் விற்கத் தொடங்கிவிட்டேன் என்று தெருவில் பேசுகிறார்கள். அது தவறு. பழைய லேபிள்கள் சேர்க்கும் உசிலம்பட்டிக்காரரை நான் வரச் சொன்னது, என் டிரங்குப் பெட்டி மூடிக்குள் இருக்கும் மயில் லேபிளைக் காட்டத்தான். மில்லில் துணி பீஸின் மேல் ஒட்டி அனுப்பும் லேபிள் அது. ஜவுளிக்கடையில் வேலை பார்த்த என் கணவர், எங்களுக்குக் கல்யாணமான வாரம் அதை அங்கே ஒட்டினார். உலக யுத்தத்துக்கு முந்தியது என்று வந்தவரிடம் உறுதியாகச் சொன்னேன்.

அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். “அம்மா, கோவிச்சுக்கிராதீங்க. இதுல மீட்டர்னு அச்சடிச்சிருக்கு. அந்தக் காலத்துல ஏது மீட்டரு? கஜந்தானே?”

இத்தனை வருஷமும் மயிலைப் பார்த்தேனே தவிர, அதன் காலடியில் இருந்த பொடி எழுத்தை நான் படித்ததே இல்லை.

“அடியில கிழிஞ்ச லேபிள் ஒண்ணு இருக்கு, ஓரம் தெரியுது பாருங்க. அது மேலதான் இத ஒட்டியிருக்காங்க. உரிச்சுப் பாத்துருவமா?”

வேண்டாம் என்றேன். உரித்தால் இருப்பதும் போய்விடும். கேட்பதற்கு ஒட்டியவர் உயிரோடு இல்லை.

என் கணவரைத் தவிர அந்தப் பெட்டியைத் தொட்டவள் என் மகள் செல்வி மட்டும்தான். நாளை அவளுக்குப் பம்பாய்க்கு இப்படி எழுத வேண்டும்: செல்வி, சின்ன வயதில் அந்த மயிலை நீ கிழித்தாயா? நான் திட்டுவேன் என்று பயந்து, அப்பா எனக்குத் தெரியாமல் வேறு ஒட்டினாரா? டிரங்க் காலில் சொல்ல வேண்டாம். எதுவானாலும் எழுதிப் போடு.