போணிக்கு ஆகாதவன்

ஆகஸ்ட் 9, செவ்வாய்

இன்று மூன்று இடங்களில் குழாய் உடைப்பு. சந்தைக்குப் பின்னால் இடுப்பளவு சேற்றுக் குழியில் நின்று வேலை. வீட்டுக்கு வந்தால் மனைவி தோவா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, "எழுதிக் கொடுத்துட்டேன்" என்றாள்.

எதை என்று நான் கேட்கவில்லை. ஒரு மாதமாக வீட்டில் அதே பேச்சுதான். ஏற்றுமதி ஆலையில் பதினேழு வருடத் தையல் வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. இனி வீட்டு வாசலில் சொந்தமாகத் தைக்கப் போகிறாளாம்.

"தெத் போனஸ் வாங்கிட்டு விடக்கூடாதா? புத்தாண்டுக்கு இன்னும் அஞ்சே மாசம். இந்தப் பியென் ஹோவா ஊருல எவளாவது ஆகஸ்ட்ல வேலைய விடுவாளா?"

"வருஷா வருஷம் அதைச் சொல்லிச் சொல்லித்தாங்க பதினேழு வருஷம் போச்சு."

பதிலைத் தயாராக வைத்திருந்தாள். மீன் குழம்பு நன்றாக இருந்தது. அதைச் சொல்லவும் மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

காலையிலிருந்து சண்டை. மகள் வீ புத்தகப் பையை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் கத்தினேன். மாசம் பொறந்தா சம்பளம், காய்ச்சல்னா காப்பீடு, வயசானா ஓய்வூதியம், இதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு வாசல்ல உக்காந்து எவன் கால்சட்டைக்கு மடிப்பு அடிக்கப் போற? அவள் கத்தவில்லை. "ஒன்னுக்குப் போக அட்டை கேட்டு நிக்கறது அலுத்துப் போச்சு" என்றாள்.

அவள் வரிசையில் முப்பது பேருக்கு ஒரே அட்டையாம். போனவள் அதைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். பதினேழு வருடத்தில் என்னிடம் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. நான் எப்போதாவது கேட்டேனா?

கடைசியில் ஓர் ஒப்பந்தம். தெத் வரை பார்ப்பது. கடை நிற்கவில்லையென்றால், பண்டிகை முடிந்து ஆலை ஆள் எடுக்கும்போது அவள் மறுபடி அந்த வாசலில் போய் நிற்க வேண்டும். "சரி" என்றாள்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

இன்று தெரிந்த விஷயம் என்னை உலுக்கிவிட்டது. இவள் இதுவரை முழுதாக ஒரு சட்டை தைத்ததே இல்லையாம்.

"காலர் மட்டும்தாங்க. பதினேழு வருஷமும் காலர். கை வேற ஆளு, பட்டன் வேற ஆளு. காலர்னா கண்ணை மூடிக்கிட்டுத் தைப்பேன்."

காலரை மட்டும் வைத்துக்கொண்டு கடையா? நாலு நாளாக என் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு, மறுபடி சேர்த்துப் பழகிக்கொண்டிருக்கிறாள். எனக்கு உடுத்த மிச்சம் இருப்பது இரண்டு. ஆனால் பிரித்த துண்டுகளைத் தரையில் பரப்பி வைத்து அவள் பார்க்கும் பார்வை — அதை நான் கண்டதே இல்லை. சோறு ஆறிக்கிடப்பதுகூடத் தெரியாமல் பார்க்கிறாள்.

செப்டம்பர் 5, திங்கள்

நல்ல நாள் பார்த்துத் திறந்தாயிற்று. வாசலில் ஒரு மேசை, பழைய மெஷின் ஒன்று, ஆளுயரக் கண்ணாடி. தரையில் வியாபாரம் காக்கும் குட்டிச் சாமி, அவருக்குப் படையலாக ஒரு கறுப்புக் காப்பி.

யாரும் வரவில்லை.

செப்டம்பர் 9, வெள்ளி

ஐந்து நாளில் ஒரே ஒரு ஜிப்பு. அதையும் அடுத்த வீட்டுக்காரி இரக்கப்பட்டுக் கொடுத்தாள்.

எதிரில் காப்பிக் கடை போட்டிருக்கும் லுவா அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். "தம்பி, தினமும் காலையில அந்த மெஷினைத் தாண்டி முதல்ல போறது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் எப்படிடா ஆளு வரும்?"

என் ராசி இந்தச் சந்துக்கே தெரியும். அக்கா கடையில் மூன்று முறை நான் முதல் போணி. ஒரு நாள் ஐஸ் வண்டி வரவில்லை, ஒரு நாள் அலமாரி சரிந்து கண்ணாடித் தம்ளரெல்லாம் போயிற்று, ஒரு நாள் விடிந்ததிலிருந்து அடைமழை. அதிலிருந்து நான் காலையில் எட்டிப் பார்த்தாலே பீடை கழியக் காகிதத்தைக் கொளுத்தி எனக்குப் பின்னால் சுற்றிப் போடுவாள், என் கண் முன்னாலேயே, கூச்சமில்லாமல். நானும் இன்னொருத்தர் வாங்கிய பிறகுதான் காப்பி கேட்பேன். இதையெல்லாம் நான் நம்புகிறேனா? நம்பவில்லை. ஆனால் அந்தத் தம்ளர்கள் உடைந்தது உண்மைதானே.

செப்டம்பர் 10, சனி

பின்வாசல் வழியாக வேலைக்குப் போனேன். பின் சந்தில் ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். சாக்கடை, ஒரு நாய். வண்டியை முந்தின நாளே சந்து முனையில் விட்டுவிட்டேன். நடந்தால் முட்டிக்கு நல்லதாம் என்று தோவாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 12, திங்கள்

இரண்டு கால்சட்டை, ஒரு பள்ளிச் சீருடை. லுவா அக்கா தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நாய்க்கு மட்டும்தான் என்மேல் கோபம்.

செப்டம்பர் 25, ஞாயிறு

இன்று முழுக்க வாசலில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறர் வந்து போன பிறகுதான் உட்கார்ந்தேன்.

இவள் துணியைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்க்கிறாள். சந்தில் நடந்து வரும்போதே கணக்குப் போட்டுவிடுகிறாள். சைக்கிளில் ரொட்டி விற்கும் பெரியவர் ஒரு சட்டை கொடுத்திருந்தார். முன்பெல்லாம் கூடையைத் தோளில் சுமந்து சுமந்து அவருக்கு இடது தோள் இறங்கிவிட்டது. தோவா அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்து, கொஞ்சம் இறக்கித் தைத்து வைத்திருந்தாள். அவர் கேட்டது அதையல்ல, கிழிசலைத்தான். போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னாலேயே நின்றார்.

"இவ்வளவு நாளும் நான்தான் கோணல்னு நினைச்சேன் தங்கச்சி. சட்டைதான் கோணலா?"

"சட்டைதாங்க ஐயா."

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். காலர் மட்டும் தெரிந்தவள், மூன்று வாரம் ஆகவில்லை. என்னைவிடத் தைரியசாலி மட்டுமில்லை, என்னைவிட நல்ல வேலைக்காரி. எழுதி வைக்கிறேன். நேரில் சொல்ல வாய் வராது.

அக்டோபர் 13, வியாழன்

தோவாவுக்கு டெங்கு. நாலாம் நாள். சொந்தக் கடையில் விடுப்புச் சீட்டு எழுத யாரிடம் போவது? வாசலுக்கு வந்தவர்கள் மெஷின் மேல் போர்வையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். "இதுக்குத்தான் சொன்னேன்" என்று நாக்கு நுனி வரை வந்தது. கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த அளவுக்காவது புத்தி இருக்கிறது.

நவம்பர் 16, புதன்

பெரிய தப்பு நடந்துவிட்டது. இருபதாம் தேதி ஆசிரியர் நாள். அதற்காக ஒரு டீச்சர் பட்டு கொடுத்திருந்தார், நீள அங்கி தைக்க. பின்பக்கத்தைத் தோவா நாலு விரல் குட்டையாக வெட்டிவிட்டாள். ஆலையில் துணி வெட்டுவதும் வேறு ஆள் அல்லவா.

நான்தான் யோசனை சொன்னேன். "உள்ள போடற கால்சட்டையை ஏத்தி வெச்சுத் தெச்சுடு. அங்கி குட்டைன்னே தெரியாது."

"உங்க குழாய் ஒழுகினா மேல மண்ணைப் போட்டு மூடிட்டு வருவீங்களா?"

மூடிவிட்டு வந்திருக்கிறேன், ஒன்றிரண்டு முறை. அதை இவளிடம் சொல்வேனா?

நவம்பர் 17, வியாழன்

டீச்சர் வந்ததும், போட்டுப் பார்க்கும் முன்பே, "நான் தப்பா வெட்டிட்டேங்க" என்றாளாம். புதுப் பட்டு வாங்கித் தருகிறேன், ராப்பகலாகத் தைத்துத் தருகிறேன் என்றாளாம். அந்த அம்மாள் நாலு வீடு கேட்கத் திட்டிவிட்டு, புதுப் பட்டையும் வாங்கிக்கொண்டு வேறு தையல்காரரிடம் போய்விட்டார்.

கதையில் வருகிற மாதிரி அவர் திரும்பி வருவார் என்று நான் நினைக்கவில்லை. வரவும் மாட்டார். ஆனால் லுவா அக்கா காப்பி ஆற்றும்போதெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "தன் தப்பைத் தானே சொல்றவகிட்ட துணி கொடுக்கறதுக்கு என்ன பயம்?"

தோவா இரண்டு நாளாகப் பழைய பேப்பரை வெட்டிக்கொண்டிருக்கிறாள். பின்பக்கம், முன்பக்கம், பின்பக்கம். அழவில்லை. நான்தான் சமையலறையில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் என்று வீயிடம் சொன்னேன்.

டிசம்பர் 8, வியாழன்

ஆலையில் ஆர்டர் இல்லையாம். முந்நூறு பேரை நிறுத்திவிட்டார்கள், தெத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது. பண்டிகை முடிந்தாலும் ஆள் எடுக்க மாட்டார்களாம். அப்படியானால் எங்கள் ஒப்பந்தம்? திரும்பிப் போக அவளுக்கு இனி வாசலே இல்லை. இந்தக் கடை நின்றுதான் ஆகவேண்டும். அந்த ஆலையைத்தான் நான் அசையாத பாறை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாலையில் அவளுடைய பழைய தோழி ஞான் வந்தாள், நிறுத்தப்பட்டவர்களில் ஒருத்தி. பன்னிரண்டு வருடம் சட்டைக் கை மட்டும் தைத்தவள். "நான் கை தெக்கறேன், நீ காலர் தெய்யி. பாதிப் பாதி" என்றாள்.

"வேண்டாம்டி. இங்க வந்தா முழுச் சட்டைதான். கத்துக்கோ, நான் சொல்லித் தரேன்."

ஞான் தயங்கினாள். தோவா போய் என் மிச்சமிருந்த இரண்டு சட்டைகளில் ஒன்றை எடுத்து அவள் மடியில் போட்டாள், பிரிக்கச் சொல்லி.

ஜனவரி 12, வியாழன்

தெத்துக்குப் பத்து நாள். வாசலில் இரண்டு மெஷின். வீட்டுக்குள் நடக்க இடமில்லை, எல்லாம் துணி.

என் வேலைக் கால்சட்டையின் மடிப்பு அக்டோபரிலேயே பிரிந்துவிட்டது. காலையில் கொடுத்தால் என் துணிதான் அன்றைக்கு முதல் துணி. மாலையில் கொடுக்கலாமென்றால் அவள் கண் சிவந்து கிடக்கிறது. அலுவலக ஸ்டேப்ளரால் அடித்துக்கொண்டு போகிறேன். இன்று குழியில் இறங்கும்போது மேஸ்திரி பார்த்துவிட்டான். "பொண்டாட்டி தையக்கடை, புருஷன் காலுல கம்பி" என்று நாள் முழுக்கச் சிரிப்பு.

ஜனவரி 19, வியாழன்

கடைசித் துணியும் போய்விட்டது. மெஷினைத் துடைத்து மூடிவிட்டாள். தெத்தின் ஆறாம் நாள் மறுபடி திறக்கிறாள்.

புத்தாண்டின் முதல் போணி யார் என்பதுதான் இப்போது சந்து முழுக்கப் பேச்சு. அந்தக் கையின் ராசிதான் வருடம் முழுக்க நிற்கும். நகைக்கடை முதலாளியைக் கூப்பிடு என்கிறாள் லுவா அக்கா. நாலு பிள்ளை, மூன்று மாடி, அவர் கால் வைத்த இடமெல்லாம் விளங்குமாம். "நான் ஆள் பாத்து வெச்சிட்டேன் அக்கா" என்றாள் தோவா. யார் என்று சொல்லவில்லை. நல்லதுதான். நான் அன்றைக்கு விடியும் முன்பே பின்வாசல் வழியாக எங்காவது போய்விட வேண்டும்.

ஜனவரி 27, வெள்ளி — புத்தாண்டின் ஆறாம் நாள்

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். பின்கதவில் பூட்டு.

"சாவி என்கிட்ட இருக்கு" என்றாள் தோவா. புதுச் சட்டை போட்டு, தலையை வாரி, வாசலுக்கும் எனக்கும் நடுவில் நின்றாள். "அந்தக் கால்சட்டையை எடுத்துட்டு வாங்க. கம்பி அடிச்சிருக்கீங்களே, அது."

"தோவா, இன்னைக்கு வேண்டாம். நாளைக்குத் தரேன். வெளிய பாரு, அக்கா நிக்கறாங்க."

"நாலரை மாசமா உங்க செருப்புல பின் சந்துச் சேறு. கழுவறது நான்தானே, எனக்குத் தெரியாதா? முட்டிக்கு நல்லதாம்."

செருப்பைக் கீழே போட்டேன். "வருஷம் பூரா வியாபாரம்டி. ஆலையும் இல்ல இப்ப. வெளையாடாத."

"பதினேழு வருஷம் எப்ப எழுந்திருக்கணும்னு வேற ஆளு சொன்னாங்க. இது என் கடை. போணி யாருன்னு நான்தான் சொல்லுவேன்."

கால்சட்டையைக் கொண்டுபோய் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி, போணி ராசிக்காக மெஷினை மூன்று முறை அதால் தட்டினாள். லுவா அக்கா காகிதத்தையும் தீப்பெட்டியையும் எடுத்துவிட்டாள். "உள்ள வைங்க அக்கா" என்றாள் தோவா, தலையைத் தூக்காமலே.

மதியம் வரை ஒருவரும் வரவில்லை. நான் உள்ளே உட்கார்ந்து செத்துக்கொண்டிருந்தேன். அவள் ஸ்டேப்ளர் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மடிப்பை அவசரமில்லாமல் தைத்தாள். முட்டிக்கு உள்ளே இரட்டைத் துணி வைத்தாள். குழிக்குள் நான் மண்டியிடுவது அவளுக்கு எப்படித் தெரியும்? இவ்வளவு நிதானமாக அவள் தைத்து நான் பார்த்ததில்லை.

மூன்று மணிக்கு ரொட்டிக்காரர் ஒரு சட்டைத் துணியோடு வந்தார். புதுத் துணி. பின்னாலேயே அவர் மருமகளும் வந்தாள். அதற்கப்புறம் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

ஜனவரி 28, சனி

முன்வாசல் வழியாக வேலைக்குப் போனேன்.