மாமன் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ்

3 ஜூன் 1984, ஞாயிறு. கொட்டச்சேடு

சர்ச்சில் பூசை முடிந்து வேலுசாமி டீக்கடையில் சிறுத்தைக் கதையை மறுபடியும் சொல்லும்படி ஆயிற்று. யாரும் கேட்கவில்லை என்பது வேறு. காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் துப்பாக்கியில் தோட்டா தீர்ந்து போக, நான் காப்பிச் செடிக்குள் பாய்ந்து வாலைப் பிடித்து இழுத்த இடத்தில் வேலுசாமி குறுக்கிட்டான்.

"ஏனுங்கண்ணா, போன வருசம் ஆறடின்னீங்க. இப்ப எட்டடிங்கறீங்க. செத்த பொறகும் வளருதுங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

வீட்டுக்கு வந்தால் தபால்காரர் நேற்றுக் கொடுத்துப்போன இங்கிலீஷ் கடிதாசி. இந்த ஊருக்கு இங்கிலீஷில் எது வந்தாலும், யார் பேருக்கு வந்தாலும், முதலில் என் கைக்குத்தான் வரும். பதினோரு வருடம் துரை பங்களாவில் இருந்தவன் அல்லவா. பிரித்துப் பார்த்து, நாலு வார்த்தை கூட்டிச் சொல்லுவேன். அதுதான் இங்கே வழக்கம்.

இது தங்கச்சி மகள் தேவகுமாரிக்கு. நான் கண்ணாடியைத் துடைப்பதற்குள் தோளுக்குப் பின்னால் நின்று அவளே படித்துவிட்டாள். சேலத்தில் சிஸ்டர்கள் நடத்தும் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இன்டர்வியூ, பதினாலாம் தேதி. 'ஹாபிட்' என்ற சொல்லைப் பற்றி மூன்று நிமிடம் இங்கிலீஷில் பேச வேண்டும். அதன் அர்த்தம், அதற்கு வேறு சொற்கள், தன்னிடம் உள்ள நல்ல ஹாபிட்.

"பழக்கம்னு தெரியும் மாமா. வேற சொல்லுதான் வேணும். கான்வென்ட் சிஸ்டர்கிட்ட பெரிய டிக்சனரி இருக்குது. பாத்துட்டு வரட்டுமா?"

"டிக்சனரியா? துரைக்கே சந்தேகம் வந்தா என்னயத்தான் கேப்பாரு. உக்காரு கண்ணு."

5 ஜூன்

சொல்லிக் கொடுத்தேன். டீ கொண்டு போய் வைத்தால் துரை "ஆஸ் யூசுவல்" என்பார். ஆகவே யூசுவல். பிறகு ரெகுலர். மூன்றாவதாக ஒன்று வேண்டியிருந்தது. பொழுது சாய்ந்ததும் வராந்தாவில் காலை நீட்டி "மை சன்டவுனர்" என்பார், ஒரு நாள் தவறாமல். அதைக் கொடுத்தேன். தினமும் தவறாத பழக்கம் என்று அர்த்தம், நொம்பப் படித்தவர்கள் மட்டும் சொல்லுவது என்றும் கூட்டினேன்.

அவள் நோட்டில் அடிக்கோடு போட்டுக்கொண்டாள்.

எனக்கு அது நிச்சயமாகத் தெரியுமா? தெரிந்த மாதிரிதான் இருந்தது.

தங்கச்சி ராசம்மாள் அடுப்படியிலிருந்து, "இது கெடைச்சா ஹாஸ்டலு, சோறு எல்லாம் அவிங்களே. கெடைக்காட்டி எங்கூட காப்பிப் பழம் பறிக்கத்தான் வரோணும். பாத்துச் சொல்லிக் குடுண்ணா" என்றாள். அவள் புருசன் செத்துப் போய் ஆறு வருடம். கையெல்லாம் காப்பிக் கறை.

9 ஜூன்

இன்றைக்கும் டிக்சனரி கேட்டாள். "எம்மேல நம்பிக்கை இல்லியா சாமி?" என்றேன். நோட்டை மூடிவிட்டாள்.

14 ஜூன், வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நான்தான் கூட்டிப் போனேன். அவளை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வெளியே பெஞ்சில், ஆத்தூரிலிருந்து மகளைக் கூட்டி வந்த ஒருவரிடம், "எம் பொண்ணுக்கு இங்கிலீசெல்லாம் எங்கிட்டத்தானுங்க, துரை பாசை" என்று அளந்துகொண்டிருந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. "பாத்தீங்களா, சிரிக்க வெச்சுட்டா!" என்றேன். தொடையைக்கூடத் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

தட்டினேன்.

அவள் வெளியே வந்து, "போலாம் மாமா" என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்திருந்தாள். பாதி மலை ஏறிய பிறகு, வளைவில் எதிர் லாரிக்காக நின்றபோதுதான் சொன்னாள்.

"தினமும் சாயங்காலம் எனக்கு ஒரு நல்ல சன்டவுனர் உண்டு, எங்கம்மாவுக்கும் உண்டுன்னு சொன்னேன். ஜெபத்தத்தான் சொன்னேன் மாமா. அது பொழுது சாய குடிக்கற சாராயமாமே. பெரிய சிஸ்டர் மட்டும் சிரிக்கல. யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நானாப் படிச்சேன்னு சொன்னேன்."

லாரி போயிற்று. பஸ் கிளம்பிற்று.

சாராயம் என்று எனக்குத் தெரியாது என எழுதலாம். யார் படிக்கப் போகிறார்கள்? ஆனால் அந்தக் கிளாசைத் தட்டில் வைத்துக் கொண்டு போனவன் நான். கழுவி வைத்தவனும் நான். சன்டவுனர் என்றால் கிளாசா, அதில் இருந்ததா, பொழுதா, வழக்கமா என்று ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் தெரியாது என்று தெரிந்துவிடுமே.

15 ஜூன்

டீக்கடைக்குப் போகவில்லை.

17 ஜூன், ஞாயிறு

பக்கத்து ஊர் வெள்ளக்கடை ஐயாக்கண்ணு, பேங்கிலிருந்து வந்த இங்கிலீஷ் கடிதாசியோடு வந்தார். "ஊட்டுல இருக்கீங்களா? இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். கண்ணாடி மூக்கில் இருந்தது. அவர் பார்த்தார், சரிங்க என்று திரும்பி நடந்தார். சீ! இதை எப்போதடா விடுவாய்?

20 ஜூன்

தேவகுமாரியிடம் சொல்லிவிட்டேன். துரைக்கு வலது கை என்றதெல்லாம் பொய், நான் கிளாஸ் கழுவினேன், ரெண்டு நாயைக் குளிப்பாட்டினேன், அஞ்சாங்கிளாசோடு சரி, இங்கிலீஷ் காதில் விழுந்தது மட்டும்தான் என்று.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"சிறுத்தை பொய்யின்னு சின்னதுலயே தெரியும் மாமா. இங்கிலீசு நெசம்னு நெனச்சேன்."

21 ஜூன்

கான்வென்ட் கேட்டில் ஒரு மணி நேரம் நின்றேன். பிறகு உள்ளே போய் சிஸ்டரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அந்தப் பிள்ளை தினம் வந்து டிக்சனரி பார்க்கட்டும் என்றார். சேலத்தில் இந்த வருடம் இடம் இல்லை என்றாகிவிட்டதாம், அடுத்த வருடம் திரும்ப எழுதிப் போடலாமாம்.

ஒரு வருடம். என் வாயால் போனது.

16 டிசம்பர்

பழம் பறிப்பு. அம்மாவும் மகளும் விடியலில் பனியோடு போகிறார்கள். கூடையை நான் தூக்கிப் போகிறேன் என்றால் விடுவதில்லை. தேவகுமாரியின் விரல் நுனியும் கறுத்துவிட்டது. சாயங்காலம் அப்படியே கான்வென்டுக்கு ஓடுகிறாள்.

இன்றைக்கு வந்து, "மாமா, ஹாபிட்டுக்கு 'கஸ்டம்', 'பிராக்டீஸ்', 'வோன்ட்'னு எத்தனையோ சொல்லு இருக்குது. ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம். சிஸ்டர் போடற அங்கிக்கும் ஹாபிட்னே பேராம்" என்றாள். ஜூனுக்குப் பிறகு அவளாக வந்து என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை. ஆமாம், தெரியும் என்று நாக்கு நுனி வரை வந்தது.

"அப்படியா? எனக்குத் தெரியாது கண்ணு" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அடுத்த சொல்லுக்குப் போனாள்.

23 மே 1985

இன்டர்வியூவுக்கு ராசம்மாள் கூடப் போனாள். நான் போகவில்லை.

10 ஜூன் 1985, திங்கள்

பகலில் தபால்காரர் வழக்கம்போல என் கையில் கொடுத்தார். சேலம் கவர். தேவகுமாரி தோட்டத்தில். "பிரிண்ணா, என்னன்னு பாரு" என்று ராசம்மாள் பதறினாள்.

"அவ பேருக்கு வந்தது. அவ வந்து பிரிக்கட்டும்."

அஞ்சு மணி வரை சட்டைப்பையில் வைத்திருந்தேன். வேர்வையில் ஓரம் நனைந்துவிட்டது. அவள் வந்து, கை கழுவி, பிரித்து, நின்றபடியே படித்தாள். பிறகு எங்களுக்காகத் தமிழில் சொன்னாள். இடம் கிடைத்திருக்கிறது. ஜூலை ஒண்ணாம் தேதி ஹாஸ்டலுக்கு வர வேண்டும்.

டீக்கடைக்குப் போனேன். "தேவகுமாரிக்கு நர்ஸ் படிப்பு கெடைச்சிருக்குது" என்றேன்.

வேலுசாமி டீயை ஆற்றியபடி மீதிக் கதைக்காகக் காத்திருந்தான். பெஞ்சில் இருந்தவர்களும்.

"அப்பறங்கண்ணா?"

"அவ்வளவுதான்" என்றேன்.