வலை நூலில் கட்டிய மாலை

1949 ஜனவரி 3, திங்கள்

துவைக்கப் போட்ட அண்ணன் வேட்டியில் கிரீஸ் கறை இல்லை. வழக்கமாகக் கரையோரம் சைக்கிள் செயின் கடித்த அடையாளம் கறுப்பாக இருக்கும், எவ்வளவு சவுக்காரம் போட்டாலும் போகாது. இன்று வேட்டி வெள்ளையாக இருக்கிறது. கொல்லைக் கொடியின் கடைசியில், அம்மாவின் சேலைக்குப் பின்னால், ஒரு காக்கி டவுசர் காய்கிறது.

அப்படியென்றால் விடியற்காலையில் எங்கேயோ போய் ஓட்டிப் பழகுகிறான். பந்தயத்துக்குத்தான்.

கேட்டேன். “உனக்குக் கண்ணா, பூதக்கண்ணாடியா? அம்மாகிட்ட மூச்சு விட்ராத ஏளா” என்றான்.

ஜனவரி 5, புதன்

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. அப்பாவே பெயர் கொடுத்திருக்கிறார். ‘ராஜதுரை சைக்கிள் கடை சார்பில் தாணுலிங்கம்’ என்று நோட்டீசிலேயே அச்சாகி வந்துவிட்டது. அம்மா ஒரு நாள் முழுக்க அப்பாவோடு பேசவில்லை. இன்று காலை அண்ணனுக்கு இரண்டு முட்டை அவித்து வைத்தாள்.

பொங்கல் கழிந்த ஞாயிறு பந்தயம். கடற்கரை ரோட்டில் புறப்பட்டுப் பழையகாயல் போய், அங்கே நடுரோட்டில் வைத்திருக்கும் தார் டிரம்மைச் சுற்றித் திரும்ப வேண்டும். முதலாளிமார் எல்லாரும் ஆள் வைத்து ஓட்டுகிறார்கள். உடன்குடி கருப்பட்டி மண்டி வன்னியபெருமாள் அண்ணாச்சி, பனையேறிக் கொண்டிருந்த பேச்சிமுத்து என்பவரைக் கூட்டிவந்து மாதச் சம்பளம், சாப்பாடு, புதுச் சைக்கிள் எல்லாம் கொடுத்து வைத்திருக்கிறாராம். ஓட்டுவதுதான் அவருக்கு வேலை. நல்ல வேலை!

அண்ணன் சைக்கிளின் இரண்டு சக்கரத்துக்கும் இன்று நான்தான் கம்பிகளை முறுக்கிக் கோட்டம் எடுத்தேன். கடைக்குப் பின்னால் உள்ள அறையில் உட்கார்ந்துதான் செய்வேன். முன்னால் போனால் யாராவது பேசுவார்கள். பேர் என்ன என்று கேட்டாலே உள்ளே ஓடிவிடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றதில் எல்லாரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். இனிமேல் எழுந்து நின்று வாசிக்க வேண்டாம் என்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 15, சனி

நாளைக்கு மாலை வேண்டும். டிரம்மை முதலில் சுற்றுகிறவனுக்கு அவன் கட்சிக்காரர்கள் அங்கேயே மாலை போடுவது இங்கே வழக்கம். ஓட்டுகிறவன் நிற்கமாட்டான், ஆகையால் எறிந்துதான் போட வேண்டும். போன வருஷம் எங்கள் கடைக்கு ஓட்டியவருக்கு அப்பா எறிந்த மாலை நடுவானத்தில் அறுந்து, ரோட்டோரம் நின்ற ஆட்டின் மேல் விழுந்தது. “ராஜதுரை கடை ஆட்டுக்குல்லா மாலை மரியாதை!” என்று உடன்குடிக்காரர்கள் மாசக் கணக்கில் சொல்லிச் சிரித்தார்கள்.

வாழை நாரில் கட்டினால் அப்படித்தான். நான் பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் அக்காவிடம் போய் வலை பின்னுகிற நூல் கொஞ்சம் கேட்டேன். அக்காவின் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். சாயம் ஏற்றிய பழுப்பு நூல் ஒரு கண்டு தந்தாள்.

“சுறா இழுத்தாலும் அறாது ஏளா. யாரைக் கட்டிப்போடப் போற?”

சிவப்பு அரளியும் செவ்வந்தியும் வைத்து நெருக்கமாகக் கட்டினேன். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். ஒரு பூகூட உதிரவில்லை. அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி.

ஜனவரி 16, ஞாயிறு

அண்ணன் ஜெயித்துவிட்டான்!!

கப்பை அடுக்களையில் அரிசிப் பானை மேல் வைத்துவிட்டு, நடந்ததை நின்றபடியே சொன்னான். “டிரம்மைச் சுத்துதேன், அப்பா எறிஞ்சாரு, கழுத்துல கச்சிதமா விழுந்துச்சு. ஆனா முட்டியில வந்து இடிக்கி. கழத்திப் பின்னால போட்டுட்டு ஒரே அழுத்து!”

பேச்சிமுத்து அந்தத் திருப்பத்திலேயே விழுந்துவிட்டாராம். தோள்பட்டை எலும்பு ஒடிந்துவிட்டது என்று அப்பா சொன்னார். கூட்டம் முழுக்க அவரைத் தூக்க ஓடியிருக்கிறது.

“நீ பாக்கலையா?” என்று கேட்டேன்.

“டமார்னு சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா நேரம் போகும்லா.”

பாயசம். அண்ணனுக்கு மூன்று தம்ளர்.

ஜனவரி 19, புதன்

கப்பு கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள்கூட ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அப்பா ஒரு நாளைக்கு நான்கு தரம் துடைக்கிறார்.

ஜனவரி 24, திங்கள்

வன்னியபெருமாள் அண்ணாச்சி, பேச்சிமுத்து ஓட்டிய தம் சைக்கிளை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார். உள்ளே இருந்து கேட்டேன்.

“சக்கரத்தைச் சரி பண்ணித் தாரும் ராஜதுரை. புதன்கிழமை எடுத்துக்கிடுதேன். விளாத்திகுளத்துல இருந்து வேற ஒருத்தன் வாரான்.”

“பேச்சிமுத்து?” அப்பா கேட்டார்.

“நிதானம் கெட்ட பய. எப்படி விழுந்தேன்னு கேட்டா, பின்சக்கரம் தானா நின்னுட்டுதுன்னு சொல்லுதான். ஓடுத சக்கரம் தானா நிக்குமாவே? பழையபடி பனைக்கே போகட்டும்.”

அப்பா பின்சக்கரத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். நன்றாக வளைந்திருந்தது. முதலில், செயின் ஓடுகிற பல்சக்கரமான ப்ரீவீலைக் கழற்றினேன். அதற்கு அடியில், சக்கரத்தின் நடு ஹப்பைச் சுற்றி, கிரீஸோடு கிரீஸாக ஏதோ இறுகிக் கிடந்தது. ஊசியால் கிளப்பினேன். நூல். பழுப்பு நூல். நசுங்கின அரளி ஒன்று அதில் ஒட்டியிருந்தது.

என் நூல். என் முடிச்சு.

அண்ணன் கழற்றிப் போட்ட மாலை அவர் சக்கரத்தில் விழுந்திருக்கிறது. வாழை நார் என்றால் சக்கரம் அறுத்துக்கொண்டு போயிருக்கும். இது அறவில்லை. சக்கரத்தையே நிறுத்திவிட்டது. அவர் சொன்னது நிஜம்தான்.

யாரும் எங்கிட்ட வலை நூல் போடச் சொல்லல. நானாத்தான் போட்டேன். அந்த மனுசன் இப்ப ஒடிஞ்ச தோளோட எப்படிப் பனை ஏறுவாரு? யார்கிட்ட போய்ச் சொல்ல? எப்படிச் சொல்ல? ஆண்டவனே.

ஜனவரி 25, செவ்வாய்

அண்ணனிடம் காட்டினேன். நூலை விரலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“கட்டுனது நீ, எறிஞ்சது அப்பா, கழத்திப் போட்டது நான். குடும்பமே கூடில்லா அவனைத் தள்ளியிருக்கோம்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அண்ணாச்சியிடம் சொல்லிவிடலாம் என்றேன்.

“சொன்னா கப்பைப் பிடுங்கிருவாவ.”

“பிடுங்கட்டும்.”

“நல்லாச் சொல்லுவ. நீயா மிதிச்ச? என் தொடையைத் தொட்டுப் பாரு, இன்னும் வலிக்கி.” கோபமாகப் போய்விட்டான்.

அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். “ஒருத்தரும் வேணும்னு செய்யல. நடந்தது நடந்துபோச்சு. சைக்கிள் கடைக்காரன் மாலையால சைக்கிள் கவுந்துச்சுன்னா நாளைக்கு எவன் கடைக்கு வருவான்? சும்மா கெட.”

மத்தியானம் அண்ணன் சாப்பிட வரவில்லை. சாயந்திரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “ரோட்டுல ஒரு மாட்டுவண்டி சாஞ்சாக்கூடத் திரும்பிப் பாப்போம் கனி. நான் பாக்கல.”

ஜனவரி 26, புதன்

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

அண்ணாச்சி வந்தார். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். “அருமையா எடுத்திருக்கீரு” என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தார். அண்ணன் பெஞ்சில் இருந்தான். எழுந்திருப்பான், எழுந்திருப்பான் என்று உள்ளே நின்று பார்த்தேன். அண்ணாச்சியின் ஆள் சைக்கிளை வண்டியில் ஏற்றத் தூக்கிவிட்டான். அது போய்விட்டால் விளாத்திகுளத்துக்காரனுக்கு. அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?

நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. வந்து நின்றுவிட்டேன். கையில் நூல்.

“என்னம்மா?” என்றார் அண்ணாச்சி.

எதிர்த்த டீக்கடையில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நூலை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு, “என்னது இது?” என்றார்.

“சக்கரத்துக்குள்ள இருந்துச்சு அண்ணாச்சி. மாலை நூலு. நான் கட்டுனது. விழுந்தவிய நிதானத்துல தப்பு இல்ல. சக்கரம் நின்னது நெசந்தான்.”

இவ்வளவுதான் சொன்னேன். அதற்குள் அண்ணன் எழுந்து வந்துவிட்டான். “கழத்தி எறிஞ்சது நான் அண்ணாச்சி. பின்னால ஆளு வாரது தெரிஞ்சும் பாக்காம எறிஞ்சேன். விழுந்த சத்தம் கேட்டும் நிக்கல.”

அண்ணாச்சி நூலை இரண்டு கையாலும் இழுத்தார். அறவில்லை. இன்னொரு தடவை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

“வே ராஜதுரை! மீன் பிடிக்கித நூலை வச்சு உம்ம மக என் ஆளைப் பிடிச்சிட்டாவே!”

டீக்கடை முழுக்கச் சிரித்தது. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது. அண்ணாச்சி மட்டும் சீக்கிரமே சிரிப்பை நிறுத்திவிட்டார். “தானா நின்னுட்டுதுன்னு அந்தப் பய சொன்னப்ப, பொய் சொல்லுதியாலேன்னு ஒரு அறை வச்சேன். ஒடிஞ்ச தோளோட நின்னான், பாவி மட்டை” என்றார். யாரைப் பாவி என்றாரோ தெரியவில்லை. விளாத்திகுளத்துக்காரனை வரவேண்டாம் என்று சொல்ல அங்கிருந்தே ஆளை அனுப்பினார்.

அப்பா கடையை முன்னதாகவே அடைத்துவிட்டார். விளக்கேற்றின பிறகு ஒரு பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். “சேவு வாங்குனேன். தின்னு.”

பிப்ரவரி 6, ஞாயிறு

பந்தயத்துக்கு நடுவராக இருந்த டிரில் மாஸ்டர் சக்ரபாணி சார் வீட்டில் பேச்சு. மாலையைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை, அதனால் கப்பு தாணுலிங்கத்துக்கே என்று சார் சொல்லிவிட்டாராம். அண்ணன் கப்பை அவர் மேசை மேல் வைத்து, “திரும்ப ஓட்டுதோம் சார், அவன் தோள் கூடட்டும்” என்றிருக்கிறான். தவக்காலத்தில் பந்தயம் கூடாது என்று கடல்தெருக் கிறிஸ்தவர்கள் சொன்னதால், ஈஸ்டர் கழிந்த மறு ஞாயிறு என்று வைத்திருக்கிறார்கள். நடுவழியில் இனி மாலை கிடையாது.

அண்ணன் அங்கிருந்து நேரே பேச்சிமுத்து அண்ணனைப் பார்க்கப் போனான். என்ன சொன்னார் என்று கேட்டேன். “கருப்பட்டிக் காப்பி குடிக்கியான்னு கேட்டான். வேற ஒண்ணும் கேக்கல” என்றான்.

மார்ச் 20, ஞாயிறு

பேச்சிமுத்து அண்ணன் கட்டுப் பிரித்து ஓட்ட ஆரம்பித்துவிட்டாராம். கண்ணாடிப் பெட்டியில் கப்பு இருந்த இடத்தில் அப்பா சைக்கிள் பெல்களை அடுக்கியிருக்கிறார். இரண்டு விற்றுவிட்டது.

ஏப்ரல் 24, ஞாயிறு

பந்தயத்தை முதல் தடவையாக நேரில் பார்த்தேன். அந்தோணியம்மாள் அக்கா விடவில்லை, முள்ளக்காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரோட்டோரம் உப்புக் குவியல் பக்கத்தில் நின்றோம். வெயிலில் உப்பைப் பார்க்கக் கண் கூசியது.

போகும்போது பதினைந்து பேர் ஒரே கூட்டமாகப் போனார்கள். யார் யார் என்று தெரியவில்லை, காற்று மட்டும் முகத்தில் அடித்தது. திரும்பி வரும்போது முன்னால் இரண்டே பேர். அண்ணனும் அவரும், பக்கத்தில் பக்கத்தில். அண்ணன் முழங்காலில் இருந்து பாதம் வரைக்கும் ரத்தம். நான் கத்தினேன். நானா அப்படிக் கத்தினேன்? அக்கா என்னையே பார்த்தாள்.

பேச்சிமுத்து அண்ணன் ஜெயித்தார், அரைச் சக்கரம் வித்தியாசத்தில்.

அண்ணன் காலில் மஞ்சள் பற்றுப் போடும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். டிரம்மைச் சுற்றித் திரும்பும் வழியில், உப்பு வண்டியில் இருந்து தண்ணீர் சொட்டிய இடத்தில் வழுக்கி விழுந்துவிட்டான். செயின் கழன்றுவிட்டது. பேச்சிமுத்து அண்ணன் முன்னால் போய்க்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். “போலே, போ! விட்டுராத!” என்று அவர் கட்சிக்காரர்களே கத்தினார்களாம். அவர் மிதிக்காமல் சைக்கிளை உருளவிட்டபடியே, “செயினை மாட்டிட்டு வாலே, பதறாத” என்றாராம். அண்ணன் எட்டிப் பிடித்த பிறகுதான் அழுத்தத் தொடங்கியிருக்கிறார்.

“அப்புறம் ஏன் தோத்த?” என்றாள் அம்மா.

“அவன் என்னைவிட நல்லா ஓட்டுதான்மா. அதான்” என்றான் அண்ணன். சொல்லிவிட்டு இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டான்.

ஏப்ரல் 25, திங்கள்

காலையில் பேச்சிமுத்து அண்ணன் கடை முன்னால் வந்து இறங்கினார். உடன்குடிக்குப் போகும் வழி. நேற்றிலிருந்து பெடலில் ஏதோ கடகடவென்று சத்தம் வருகிறதாம். அப்பா ரயிலடிக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தார். அண்ணன் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான்.

“ராஜதுரை அண்ணாச்சி இல்லையா?” என்று தெருவில் நின்றே கேட்டார்.

வெளியே வந்தேன். “அப்பா வர நேரமாகும். என்னன்னு நான் பாக்கேன்” என்றேன். சைக்கிளை அவர் கையில் இருந்து வாங்கி, கடை முன்னாலேயே தலைகீழாக நிறுத்தினேன்.