கேம் பாய்களைக் கழித்த வாரம்

ஜூன் 12, வியாழன்
கிள்ளான். காலையிலிருந்து மழை. துணி காயவில்லை.

கச்சேரியை ஏற்பாடு செய்யும் லோகன் எல்லார் பாட்டுகளையும் அனுப்பிவிட்டான். அடுத்த மாதம் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கூட்டத்தின் கச்சேரி. கேம் பாய் மாதிரிப் பழைய வீடியோ கேம் கருவிகளில் இசை போடும் பைத்தியங்கள், பதினொரு பேர். மேடையில் ஐந்து பேருக்குத்தான் இடம். பாட்டுகளில் யார் பெயரும் கிடையாது, எண் மட்டும். தேர்வு என் பொறுப்பு.

போன வருடம் எட்டில் ஏழு பேர் கேம் பாய். அதே கீச்சு. காது புளித்துவிட்டது. இந்த முறை கேம் பாய் என்றால் வெளியே.

"ரொம்பக் கெடுபிடி பண்ற லா, மீனா," என்றான் லோகன். இருக்கட்டும்.

ஜூன் 13, வெள்ளி
வாங்க: பால், பேட்டரி, பூனைத் தீனி.

எண் 2: கே.பா. வெளியே.
எண் 4: சுத்தமான கே.பா.! "மறுபடியும் இதே சத்தமா? வேறு கருவியே கிடைக்கவில்லையா?" எழுதி லோகனுக்கு அனுப்பியாச்சு.
எண் 9: அப்பாடா, இது கே.பா. இல்லை! அடியில் என்ன ஒரு உறுமல். முதல் இடம்.

எண் 6, 7 நாளைக்கு. தலைவலி.

ஜூன் 14, சனி
பிரிக்பீல்ட்ஸ், வாழையிலைக் கடை. காலையிலேயே 6, 7 கேட்டாச்சு. தேர்வைக் கொடுத்ததும் லோகன் பெயர்ப் பட்டியலை நீட்டினான்.

எண் 9, செராஸ் பக்கத்துப் பள்ளி டீச்சர். கருவி: கேம் பாய்.

"விளையாடாத."

"நெஜமா லா! பக்கத்துல உக்காந்து பாத்தேன். ஒரே ஒரு கேம் பாய்."

அடுத்து எண் 4. கேம் பாயே இல்லை. ஏதோ பழைய கம்ப்யூட்டரின் சிப்பைக் கழற்றி, ஒரு வருடம் உட்கார்ந்து சொந்தமாகச் செய்த கருவி. பெயர்: காயத்ரி.

என் காயத்ரி. கூட்டத்தில் எனக்கிருக்கும் ஒரே தோழி. போன வருடம் அவள் மேடையிலிருந்து இறங்கியதும், "நீயும் கேம் பாயா?" என்று எல்லார் முன்னாலும் சிரித்தவள் நான்தான். மறுவாரமே அவள் தன் கேம் பாயை விற்றுவிட்டாளாம். எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"நான் எழுதினத அவளுக்கு அனுப்பிட்டியா?"

"நேத்தே."

ஜூன் 15, ஞாயிறு
காயத்ரியை ஐந்து முறை அழைத்தேன். ஆறாவது முறை எடுத்தாள்.

"என் மேலதான் தப்பு டி. என் காதுல தீய வைக்க. உன்ன மேடையில போட்டுட்டேன், மொத ஆளா."

"அத வுடு. பாட்டு எப்படி இருந்துச்சு?"

நான் பத்தே நொடியில் நிறுத்திய பாட்டு. நேற்றிலிருந்து மன்னிப்புக் கேட்கத்தான் துடித்தேனே தவிர, மீதியைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.